வேகத்தின் கணக்கு

நுழையும்முன்

ஊர்தியின் வேகத்தை ஓட்டுநர் ஒருவகையாக உணர்கிறார். சாலையோரம் நிற்பவர் வேறுவகையாக உணர்கிறார். இருவரில் யார் கூறுவது உண்மை? அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அளந்தபின் என்ன முடிவெடுப்பது என்பது அதனினும் பெரிய வினா. பூங்காச் சாலையைக் களமாகக் கொண்டு இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

இரு சாட்சிகள்

மாலை ஐந்து மணி. நகரின் நடுவே ஒரு பூங்கா. அதன் வாயிலுக்கும் எதிரேயுள்ள பேருந்து நிறுத்தத்துக்கும் இடையில் அகன்றதொரு சாலை. பெயரனின் கையைப் பற்றியபடி முதியவர் ஒருவர் சாலையின் விளிம்பில் நிற்கிறார். ஓரடி எடுத்து வைக்கிறார், பின்வாங்குகிறார். மீண்டும் ஓரடி, மீண்டும் பின்வாங்கல். பூங்காவுக்குள் ஊஞ்சல் ஆடும் ஒலி குழந்தையின் காதில் விழுகிறது. சாலையோ இடைவெளி தர மறுக்கிறது.

"வண்டிகளெல்லாம் பறக்கின்றன" என்கிறார் முதியவர். அவ்வழியே வந்த ஓட்டுநரைக் கேட்டால், "நான் மெதுவாகத்தானே வந்தேன்" என்கிறார்.

இருவருமே பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் 50 கிலோமீட்டராகக் குறைத்ததும் ஊர்தி ஊர்ந்து செல்வதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. கண்ணாடிகள் மூடிய ஊர்திக்குள் காற்றின் இரைச்சலும் சாலையின் அதிர்வும் குறைந்துவிடுவதால், வேகத்தை உணர்த்தும் குறிப்புகளும் குறைந்துவிடுகின்றன. விளிம்பில் நிற்பவரின் நிலை வேறு. ஓரிரு மீட்டர் தொலைவில் ஊர்தி கடக்கும்போது எழும் காற்றும் ஓசையும் அவரை அச்சுறுத்துகின்றன. நேர் எதிரே வரும் ஊர்தியின் வேகத்தை மதிப்பிடுவது கண்ணுக்கு எளிதன்று. உருவம் சிறிது சிறிதாகப் பெரிதாவதைக் கொண்டே நாம் அதனை ஊகிக்கிறோம். குழந்தைகளுக்கு இவ்வாற்றல் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை.

ஆகவே உணர்வை மட்டும் நம்பி வழக்காடினால் வழக்கு முடியாது. 'இச்சாலையில் ஊர்திகள் மிகு வேகத்தில் செல்கின்றன' என்று ஊர்மக்கள் விண்ணப்பம் எழுதினால், 'எவ்வளவு வேகம்? நூற்றுக்கு எத்தனை ஊர்திகள்? எந்த நேரத்தில்?' என்னும் வினாக்கள் எழும். அவற்றுக்கு விடை தருவதே வேகக் கணக்கெடுப்பு.

அளக்கும் முறைகள்

வேகம் என்பது கடந்த தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கக் கிடைப்பது. இந்த எளிய வாய்பாடே எல்லா முறைகளுக்கும் அடிப்படை. சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களை இட்டுக்கொள்ள வேண்டும். ஊர்தி முதல் அடையாளத்தைத் தொடும்போது நிறுத்துக் கடிகாரத்தை இயக்கி, இரண்டாவதைத் தொடும்போது நிறுத்த வேண்டும். 180 என்னும் எண்ணை அந்நேர அளவால் (நொடியில்) வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். 6 நொடி எனில் வேகம் 30, 4.5 நொடி எனில் 40. 3 நொடி எனில் 60.

இம்முறையில் செலவில்லை, ஆனால் பிழைக்கு இடமுண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தியை அளக்கும்போது விரல் 0.2 நொடி பிந்தினால் விடை 56 ஆகிவிடும், 0.2 நொடி முந்தினால் 64 ஆகிவிடும். எனவே பொறியாளர்கள் வேறு கருவிகளையும் கையாள்கின்றனர். சாலையின் குறுக்கே குறித்த இடைவெளியில் இரண்டு ரப்பர் குழாய்களைப் பதிப்பது அவற்றுள் ஒன்று. சக்கரம் ஏறும்போது குழாயினுள் உண்டாகும் காற்றழுத்தத்தைக் கருவி பதிவு செய்கிறது. இரண்டு அழுத்தங்களுக்கு இடைப்பட்ட நேரமே வேகத்தைக் காட்டிவிடுகிறது. இரவும் பகலும் ஒரு வாரம் முழுவதும் இக்கருவி சலிப்பின்றிக் கணக்கெடுக்கும்.

ரேடார் கருவி அனுப்பும் அலை, ஊர்தியின்மேல் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றத்தின் அளவே வேகத்தை உணர்த்துகிறது. இயற்பியலில் நீங்கள் அறியும் டாப்ளர் விளைவு இதுவே. இக்கருவியைச் சாலையின் திசைக்குச் சாய்வாகப் பிடித்தால், உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். எனவே இதனைக் கையாள்வோருக்குப் பயிற்சி தேவை.

தெரிந்து தெளிவோம்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்னும் பொறியாளர், சீரான கால இடைவெளியில் படமெடுக்கும் கருவியைச் சாலையோரத்தில் நிறுவினார். அடுத்தடுத்த படங்களில் ஊர்தி நகர்ந்த தொலைவைக் கொண்டு அதன் வேகத்தைக் கணக்கிட்டார். போக்குவரத்தைக் கணித முறையில் ஆராயும் துறைக்கு அடித்தளமிட்ட பணிகளுள் இதுவும் ஒன்று.

நேர்மையான கணக்கு

கருவியைக் காட்டிலும் கணக்கெடுப்பவரின் நேர்மையே முதன்மையானது. விரைந்து வருவனவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தால், நாம் விரும்பிய விடை கிடைக்கும், உண்மை கிடைக்காது. எனவே எல்லா ஊர்திகளையும் அளக்க வேண்டும். இயலாவிடில் ஐந்தாவதாக வருவதை அல்லது பத்தாவதாக வருவதை அளப்பது என முன்னரே ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டும். முன்செல்லும் ஊர்தியின் பின்னால் சிக்கி ஊர்ந்து செல்பவற்றைச் சேர்த்தால், சாலை உண்மையில் எத்தகைய வேகத்துக்கு இடந்தருகிறது என்பது மறைந்துவிடும். ஆகவே தடையின்றிச் செல்பவற்றையே கணக்கில் கொள்வது மரபு. அளப்பவர் ஓட்டுநரின் கண்ணில் படாதிருத்தலும் வேண்டும். கண்டவுடன் வேகத்தைக் குறைப்பது மனித இயல்பு. ஒரு நாள் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புக் கூறலாகாது. நெரிசலால் மாலையில் மெதுவாக நகரும் சாலை, வெறிச்சோடிய அதிகாலையில் பந்தயக் களமாகிவிடக்கூடும். நடைப்பயிற்சிக்கு முதியோர் வருவதும் அந்த அதிகாலையில்தான்.

சராசரி மறைப்பவை

திரட்டிய எண்களின் சராசரியை மட்டும் கண்டு அமைதியடைதல் தவறு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சாலையில் 100 ஊர்திகளும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. மற்றொரு சாலையில் 50 ஊர்திகள் 30 கிலோமீட்டரிலும் எஞ்சிய 50 ஊர்திகள் 50 கிலோமீட்டரிலும் செல்கின்றன. இரண்டு சாலைகளுக்கும் சராசரி 40தான். ஆனால் கடப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது சாலையில், அடுத்து வருவது மெல்ல வரும் ஊர்தியா, விரைந்து வரும் ஊர்தியா என்பதை அவர் ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதனால் பொறியாளர்கள் 85ஆம் நூற்றுமானத்தையும் காண்கின்றனர். 100 ஊர்திகளின் வேகங்களை ஏறுவரிசையில் எழுதினால், 85ஆவதாக நிற்கும் வேகமே அது. நூற்றுக்கு 85 ஊர்திகள் அவ்வேகத்திலோ அதற்குக் கீழோ செல்கின்றன; 15 ஊர்திகள் அதனையும் விஞ்சுகின்றன என்பது இதன் பொருள்.

வேகமும் நிறுத்தத் தொலைவும்

வேகம் 30 என்பதும் 50 என்பதும் தாளில் வெறும் எண்கள். சாலையில் அவை உயிருக்கும் இறப்புக்கும் இடையேயான தொலைவு. இடரைக் கண்டவுடன் ஊர்தி நின்றுவிடுவதில்லை. கண்டதை மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது. அதுவரை ஊர்தி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை அழுத்தியபின்னும் சிறிது தொலைவு சென்றே நிற்கிறது. உலர்ந்த நல்ல சாலையில் (உராய்வுக் கெழு 0.7 எனக் கொண்டால்) கணக்கு இவ்வாறு அமையும்:

மணிக்கு 30 கி.மீ. – பிரேக்கை அழுத்துமுன் 13 மீட்டர், அழுத்தியபின் 5 மீட்டர், மொத்தம் 18 மீட்டர்.
மணிக்கு 40 கி.மீ. – அழுத்துமுன் 17 மீட்டர், அழுத்தியபின் 9 மீட்டர், மொத்தம் 26 மீட்டர்.
மணிக்கு 50 கி.மீ. – அழுத்துமுன் 21 மீட்டர், அழுத்தியபின் 14 மீட்டர், மொத்தம் 35 மீட்டர்.
மணிக்கு 60 கி.மீ. – அழுத்துமுன் 25 மீட்டர், அழுத்தியபின் 20 மீட்டர், மொத்தம் 45 மீட்டர்.

இப்போது பூங்கா வாயிலிலிருந்து உருண்டோடிய பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை, ஊர்திக்கு 18 மீட்டர் முன்னால் சாலையில் இறங்குகிறது எனக் கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஊர்தி குழந்தையின் முன்னே நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஊர்தியின் ஓட்டுநரோ, அவ்விடத்தை அடையும்போது பிரேக்கைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்; குறையாத வேகத்தோடு மோதுவார். அவர் கொடியவரும் அல்லர்; கவனமற்றவரும் அல்லர். அவருக்குத் தேவையான 17 மீட்டர் இல்லை, அவ்வளவே.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. 30 கிலோமீட்டரினின்று 50 கிலோமீட்டருக்கு வேகம் கூடும்போது ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது என உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கிறது. 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்குச் சாலை விபத்தே முதற்காரணம் என்பதும் அந்நிறுவனம் தரும் செய்தி. இப்பாடத்தைப் படிக்கும் நீங்கள் அவ்வயதினர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கணக்கில் வராதவர்கள்

பல நாடுகளில் ஒரு சாலையின் வேக வரம்பை முடிவு செய்யும்போது 85ஆம் நூற்றுமானத்தை வழிகாட்டியாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. பெரும்பாலான ஓட்டுநர்கள் சூழலுக்குத் தக்க வேகத்தையே தேர்கின்றனர் என்பது அதன் அடிப்படை எண்ணம். ஊர்திகள் மட்டுமே ஓடும் புறவழிச் சாலைக்கு இது பொருந்தலாம். பூங்காச் சாலைக்கு அப்படியே பொருந்துமா?

ரப்பர் குழாய் தன்மேல் ஏறியவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஓரடி வைத்துப் பின்வாங்கிய முதியவரின் தடம் அதில் பதிவதில்லை. அச்சத்தால் பூங்காவுக்கே வராமல் நின்றுவிட்ட பாட்டி, தனியே அனுப்பப்படாத சிறுமி, தடுமாறும் கோலோடு திரும்பிச் சென்ற பார்வையற்றவர் ஆகிய எவரும் அப்பட்டியலில் இல்லை. விபத்துகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் சாலை பாதுகாப்பானது எனவும் முடிவு செய்துவிட இயலாது. கடக்க அஞ்சி எவரும் வராத சாலையிலும் விபத்து குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே வேகக் கணக்கெடுப்போடு மற்றொரு கணக்கும் வேண்டும். சாலையைக் கடக்க எத்தனை பேர் வந்தனர்? எவ்வளவு நேரம் காத்திருந்தனர்? எத்தனை பேர் கடக்காமல் திரும்பினர்? ஓட்டுநர்கள் எவ்வாறு செல்கின்றனர் என்பதை முதற்கணக்கு கூறும். சாலை யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை இரண்டாம் கணக்கு கூறும்.

ஒரு பூங்காவின் நெடும்பயணம்

பூங்காச் சாலை யாருக்கு உரியது என்னும் வினாவோடு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடிய இடம் ஒன்றுண்டு. நியூயார்க் நகரின் நடுவே 843 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள சென்ட்ரல் பூங்காவே அது. 1858ஆம் ஆண்டில் அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றவர்கள் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் ஆகிய இருவர். மோட்டார் ஊர்தி தோன்றாத காலத்திலேயே வேகத்தின் இயல்பை அவர்கள் உணர்ந்திருந்தனர். நகரின் ஒருபுறமிருந்து மறுபுறம் விரைவோருக்காக நான்கு குறுக்குச் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்தனர். பூங்காவுக்குள் நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் குதிரை வண்டிகளுக்கும் தனித்தனி வழிகளை வகுத்தனர். வழிகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் பாலங்கள் எழுந்தன. வண்டிச் சாலைகளை வளைந்து வளைந்து செல்லுமாறு அமைத்ததால், குதிரைகளை விரட்டிப் பந்தயம் நடத்துவது அங்கே எளிதாக இருக்கவில்லை.

ஆயினும் வேக விருப்பம் ஓயவில்லை. 1892இல் பூங்காவின் மேற்கு ஓரமாகக் குதிரைகளை விரைந்தோட்டுவதற்கென ஒரு சாலை அமைக்க மாநிலச் சட்டமன்றம் இசைவளித்தது. நகர மக்கள் கொதித்தெழுந்தனர். சில வாரங்களிலேயே அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பின்னர், பூங்காவுக்கு வெளியே ஆர்லெம் ஆற்றங்கரையில் விரைவோட்டத்துக்கெனத் தனிச்சாலை அமைந்தது. வேகத்துக்கு இடம் உண்டு. ஆனால் அது பூங்கா அன்று என மக்கள் அன்றே தெளிவுபடுத்தினர்.

அடுத்து வந்தது மோட்டார் ஊர்தி. 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று, இப்பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய தெருவில் டிராம் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர்மீது மின்சார வாடகை ஊர்தி மோதியது. மறுநாள் அவர் இறந்தார். மோட்டார் ஊர்தி மோதி அமெரிக்காவில் நேர்ந்த முதல் உயிரிழப்பாக அது குறிக்கப்படுகிறது. அதே ஆண்டில் பூங்காவின் வண்டிச் சாலைகளும் மோட்டார் ஊர்திகளுக்குத் திறந்துவிடப்பட்டன. நாளடைவில் தார்ப்பூச்சும் சைகை விளக்குகளும் வந்தன. உலாவுவதற்கென வளைந்த பாதை, அலுவலகத்துக்கு விரைவோரின் குறுக்குவழியாயிற்று.

சாலையை மீட்கும் முயற்சி மெல்லவே நடந்தது. 1966இல் விடுமுறை நாள்களில் ஊர்திகளுக்குத் தடை தொடங்கியது. தடை நேரம் காலப்போக்கில் சிறிது சிறிதாக நீண்டது. 2014இல் சில வார இடைவெளியில் மிதிவண்டி மோதி இருவர் உயிரிழந்தனர். வேகத்தின் தீங்கு எஞ்சின் உள்ள ஊர்திகளோடு முடிவதில்லை என்பதை அந்நிகழ்வுகள் உணர்த்தின. அவ்வாண்டிலேயே பூங்காச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 25 மைலிலிருந்து 20 மைலாகக் (ஏறத்தாழ 32 கிலோமீட்டர்) குறைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு சூன் திங்களில் பூங்காவின் உட்சாலைகள் முழுவதும் பொதுமக்களின் மோட்டார் ஊர்திகளுக்கு மூடப்பட்டன. ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் தாழ்த்தி அமைத்த குறுக்குச் சாலைகளில் மட்டும் ஊர்திகள் இன்றும் ஓடுகின்றன. விரைவோர் கீழே, உலாவுவோர் மேலே என்னும் பழைய எண்ணமே 119 ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் வென்றது.

சாலை சொல்லும் வேகம்

எல்லாப் பூங்காச் சாலைகளையும் மூடிவிட இயலாது. மருத்துவ ஊர்தியும் பேருந்தும் செல்லும் வழிகள் அவற்றுள் உண்டு. ஆனால் சாலையின் வடிவத்தை மாற்றலாம். அகன்று நேராக நீளும் சாலை 'விரைந்து வா' என்று அழைக்கிறது. அங்கே '30' என்று எழுதிய பலகை தனித்து நின்று கதறுகிறது. சாலையின் அகலத்தைக் குறைத்தல், நடந்து கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்துதல், சாலை நடுவே நின்று இளைப்பாறத் திட்டு அமைத்தல், முறையான வேகத்தடை இடுதல் ஆகியவை ஓட்டுநரின் காலைத் தாமாகவே தளர்த்தும். நடப்போரும் ஊர்திகளும் ஒருங்கே பயன்படுத்தும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக இருத்தல் வேண்டும் என 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிக்கை வலியுறுத்துகிறது. மாற்றம் செய்தபின் மீண்டும் அதே இடத்தில், அதே முறையில், அதே நேரத்தில் அளக்க வேண்டும். முன்னும் பின்னும் அளந்தால்தான் மாற்றம் பயனளித்ததா என்பது விளங்கும்.

அளவீடு வேகத்தை மட்டுமே கூறும். எந்த வேகம் தகும் என்பதை அச்சாலையின் பயனறிந்து நாமே முடிவு செய்ய வேண்டும். விரைந்து செல்பவர் அச்சாலையில் இழப்பது சில நொடிகள். மெல்ல நடப்பவர் இழப்பது பூங்காவையே. சில வேளைகளில் உயிரையும். பெயரனின் கையைப் பற்றி நிற்கும் அம்முதியவர் பின்வாங்காமல் இரண்டாவது அடியை எடுத்து வைக்க எந்த வேகம் இடந்தருகிறதோ, அதுவே பூங்காச் சாலைக்குத் தகுந்த வேகம்.

கற்பவை கற்றபின்...

1. ஆசிரியரின் துணையோடு, உங்கள் பள்ளிக்கோ பூங்காவுக்கோ அருகிலுள்ள சாலையின் நடைபாதையில் பாதுகாப்பாக நின்று, 50 மீட்டர் தொலைவை 30 ஊர்திகள் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்க. அவற்றின் வேகம், சராசரி ஆகியவற்றைக் கண்டு வகுப்பில் பகிர்க.
2. அதே இடத்தில் சாலையைக் கடக்கக் காத்திருப்போரின் காத்திருப்பு நேரத்தைக் குறித்து, இரு கணக்குகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. நீங்கள் திரட்டிய தரவுகளைச் சான்றாகக் காட்டி, வேகக் கட்டுப்பாடு வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் வரைக.

மதிப்பீடு

குறுவினா
1. 85ஆம் நூற்றுமான வேகம் என்பது யாது?
2. வேகக் கணக்கெடுப்பில் அளப்பவர் ஓட்டுநரின் கண்ணில் படாதிருக்க வேண்டுவது ஏன்?

சிறுவினா
1. முதியவரும் ஓட்டுநரும் வேகத்தை வெவ்வேறாக உணர்வதற்கான காரணங்களை விளக்குக.
2. 'சராசரி உண்மையை மறைக்கக்கூடும்' – எடுத்துக்காட்டுடன் நிறுவுக.

நெடுவினா
'வேகக் கணக்கெடுப்பு தேவையானது. ஆனால் அது மட்டும் போதுமானதன்று' – இக்கூற்றைச் சென்ட்ரல் பூங்காவின் வரலாற்றோடு பொருத்தி ஆராய்க.